பூ வண்டியில் கரும்புகை: புது இ.ஜி.ஆர். வால்வு நாலே மாதத்தில் ஏன் அடைத்தது?

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும், பழங்காநத்தத்தில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு ஒரு பிக்கப் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் உசிலம்பட்டிப் பக்கத்துப் பூ வியாபாரி. விடிவதற்கு முன்பே சுற்றியுள்ள கிராமங்களில் மல்லியை எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வருவார். அங்கே இறக்கிவிட்டு, தேனிக் கடைகளுக்கு வேண்டிய பூவை ஏற்றிக்கொண்டு ஆண்டிபட்டிக் கணவாய் ஏறிப் போவார். வருஷம் முழுக்க வண்டிக்கு இதே வேலைதான். இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, பார்ட்ஸ் மாத்தணும்னு மட்டும் சொல்லிடாதீங்க, எல்லாத்தையும் மாத்திட்டேன்."

இந்த வண்டியில் இ.ஜி.ஆர். வால்வு (எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வு) மூடாமல் நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. புதிதாகப் போட்ட வால்வு நாலே மாதத்தில் ஏன் அப்படி ஆனது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி 2018 மாடல், பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை வரம்பு), நாலு சிலிண்டர், 2.5 லிட்டர் காமன் ரயில் டர்போ டீசல். மீட்டரில் 1,62,000 கிலோமீட்டர். அவர் சொன்ன குறை இது. காலையில் ஊரிலிருந்து மதுரை வரும்போது வண்டி நன்றாகத்தான் இழுக்கிறது. மார்க்கெட் வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்கும், வரிசை நாலடி நாலடியாக நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் இன்ஜினை அணைக்க முடியாது, முக்கால் மணி, சில நாள் ஒன்றரை மணி நேரம் ஐட்லிங்கிலேயே கிடக்கும். அதற்கப்புறம் லோடு ஏற்றிக் கிளம்பினால் இழுவை இருக்காது, ஸ்லோவில் நடுக்கம் எடுக்கும், மிதித்தால் கரும்புகை. கணவாய் ஏறும்போது மூன்றாவது கியரிலேயே திணறி, மீட்டரில் இன்ஜின் லைட் எரிந்து, அப்புறம் இரண்டாவது கியரில் ஊர்ந்துதான் மேலே போக வேண்டும். ஆனால் ஓரமாக நிறுத்தி, ஆஃப் செய்து, ஐந்து நிமிஷம் கழித்து எடுத்தால் சில நேரம் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். மைலேஜ் 13லிருந்து பத்தரைக்கு இறங்கிவிட்டது.

பூ வண்டிக்கு இது சின்னக் குறை இல்லை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த மல்லி மொட்டாக இருக்கும்போதே கடைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது வண்டி வைத்திருப்பவருக்குத்தான் உறைக்கும். கணவாயில் இரண்டு மணி நேரம் நின்றால் அன்றைய சரக்கு விலை போகாது.

இதற்கு முன் நடந்த வேலைகளையும் வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டேன், இதை நான் எந்த வண்டிக்கும் விடுவதில்லை. ஒரு இடத்தில் வால்வைக் கழற்றி டீசலில் கழுவி மாட்டியிருக்கிறார்கள், மூன்று வாரம் ஓடியது. இன்னொரு இடத்தில் இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரை மாற்றினார்கள், ஒரு மாற்றமும் இல்லை. ஆடி மாதம் இ.ஜி.ஆர். வால்வையே புதிதாக மாற்றினார்கள், பதினான்காயிரத்துச் சொச்சம். இரண்டு மாதம் அருமையாக ஓடி, அப்புறம் மெல்ல மெல்லப் பழைய கதைக்கே திரும்பிவிட்டது. கடைசியாக ஒருவர், "ஒரு தகடு வெட்டி வச்சு அடைச்சுடலாம்ணே, செலவே இல்ல" என்று சொல்ல, அதற்கு மனசு ஒப்பாமல் எங்களிடம் வந்திருக்கிறார்.

இ.ஜி.ஆர். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எரிந்து வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்டேக்குக்குள், அதாவது காற்று உள்ளே போகும் வழிக்குள், விடும் ஏற்பாடு அது. சிலிண்டருக்குள் வெப்பம் மிக அதிகமாகும்போது காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு உண்டாகிறது, அது நுரையீரலுக்குக் கெடுதல். ஏற்கெனவே எரிந்த வாயுவைக் கலந்துவிட்டால் அது எரியாது, வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும், ஆக்சிஜனின் அளவும் குறையும், அதனால் எரியும்போது உச்ச வெப்பம் குறைகிறது. டீசலில் உள்ளே விடும் முன் அந்தப் புகையைக் குளிர்விக்க ஒரு கூலர் இருக்கும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட்தான் அதற்குள் ஓடும். கூலண்ட் என்ற அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதை அங்கேதான் போய் நிற்கப்போகிறது.

லோடு இல்லாமல் மெதுவாகப் போகும்போது வால்வு திறக்கும். முழுசாக மிதித்து ஏற்றம் ஏறும்போது இன்ஜினுக்குக் கிடைக்கிற காற்றெல்லாம் வேண்டும், அப்போது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யூ. வால்வை முழுக்க மூடச் சொல்லும். அந்த நேரத்தில் வால்வு மூடாமல் சந்து விட்டு நின்றால் இரண்டு கெடுதல். ஒன்று, சுத்தமான காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்கிறது, டீசல் முழுக்க எரிவதில்லை, கரும்புகை. இரண்டு, டர்போவைச் சுற்ற வேண்டிய வாயுவில் ஒரு பங்கு வால்வு வழியாகத் திரும்பிவிடுகிறது, பூஸ்ட், அதாவது டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறுவதில்லை. பூ வியாபாரி சொன்ன குறை அப்படியே இதற்குப் பொருந்தியது.

ஸ்கேனரை மாட்டினோம். இரண்டு கோட் (கோளாறுக் குறியீடு). பி0402, அதாவது இ.ஜி.ஆர். ஓட்டம் தேவைக்கு மேல். பி0404, அதாவது இ.ஜி.ஆர். சொன்ன இடத்துக்குப் போகவில்லை. கோட் விழுந்த நொடியில் இ.சி.யூ. பிடித்து வைத்த ஃப்ரீஸ் ஃப்ரேமில் வேகம், லோடு, ஆர்.பி.எம். 1,850, கூலண்ட் வெப்பம் 64 டிகிரி என்று இருந்தது. இந்த 64ஐ நான் பார்த்தேன், நோட்டிலும் எழுதினேன், ஆனால் அன்றைக்கு அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. கணவாய் ஏறிக்கொண்டிருக்கும் லோடு வண்டியின் கூலண்ட் 64இல் இருக்க முடியுமா என்ற கேள்வி அப்போதே வந்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

பி0402 என்றதும் வால்வு போச்சு என்று முடிவு கட்டிவிட முடியாது. இந்த வகை இன்ஜினில் இ.ஜி.ஆர். ஓட்டத்தை நேராக அளக்க எந்தச் சென்சாரும் இல்லை. ஏர்ஃப்ளோ சென்சார் சொல்லும் சுத்தக் காற்றின் அளவை வைத்து இ.சி.யூ. கணக்குப் போடுகிறது, காற்று குறைந்தால் அந்த இடத்தில் புகை வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே சென்சார் பொய் சொன்னாலும் இதே கோட்தான் விழும், ஏர் ஃபில்டர் அடைத்தாலும் விழலாம். முன்னால் பார்த்தவர்கள் சென்சாரை மாற்றியதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மாற்றிப் பார்ப்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டிருக்கலாம்.

அந்தக் கணக்கு இதுதான். 2.5 லிட்டரை நாலாகப் பிரித்தால் ஒரு சிலிண்டருக்கு 625 சி.சி. நம்மூர் வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.15 கிராம் எடை. அப்படியானால் சிலிண்டர் முழுக்க நிரம்பினால் 719 மில்லிகிராம். ஐட்லிங்கில் முழுக்க நிரம்பாது, 85 சதவீதம் என்று வைத்தால் 611. இ.ஜி.ஆர். மூடியிருக்கும்போது சென்சார் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 600ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். எந்த வண்டிக்கும் இப்படி ஒரு நிமிஷத்தில் போட்டுவிடலாம், புத்தகம் தேவையில்லை.

நாங்கள் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஸ்கேனர் வழியாக வால்வை முழுக்க மூடச் சொல்லிக் கட்டளை கொடுத்தோம். கட்டளை 0 சதவீதம். வால்வு தன் நிலையைச் சொன்னது 11 சதவீதம். காற்று 410 மில்லிகிராம். இருநூறு மில்லிகிராம் காற்றைக் காணோம்.

சென்சார் பொய் சொல்கிறதா, நிஜமாகவே புகை வருகிறதா என்று பிரிக்க, இன்ஜினை அணைத்து, இ.ஜி.ஆர். பைப் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகி வழியை அடைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தோம். 614. நடுக்கம் அந்த நொடியே நின்றுவிட்டது. சென்சார் சரி, புகைதான் வருகிறது. தகட்டை உடனே எடுத்துவிட்டோம், அது சோதனைக்கு மட்டும்.

அப்புறம் கரண்ட். வால்வுக் கனெக்டரில் ஐந்து ஒயர், இரண்டு மோட்டாருக்கு, மூன்று நிலையைச் சொல்லும் சென்சாருக்கு. ஐந்து வோல்ட் சப்ளை 4.98 இருந்தது. எர்த் ஒயரில் இன்ஜின் ஓடும்போது பார்த்த இழப்பு 12 மில்லிவோல்ட், நல்ல எர்த். சிக்னல் 1.38 வோல்ட், புது வால்வு மூடிய நிலையில் ஒரு வோல்ட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். ஒயரிங்கை ஆட்டிப் பார்த்தோம், எதுவும் குதிக்கவில்லை. 20, 40, 60, 80 என்று திறக்கச் சொன்னால் சொன்னபடி போகிறது, மூடச் சொன்னால் 11இல் வந்து முட்டி நிற்கிறது, அதற்குமேல் மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கிறது, காதை வைத்தால் அந்த முனகல் கேட்கிறது. கரண்ட் கோளாறு இப்படி ஒரே இடத்தில் முட்டாது. உள்ளே ஏதோ தடுக்கிறது.

நிறுத்தி எடுத்தால் சரியாகிற மர்மமும் இங்கே விளங்கிவிட்டது. சாவியை ஆஃப் செய்ததும் இ.சி.யூ. இந்த வால்வை இரண்டு மூன்று முறை முழுக்கத் திறந்து மூடும், வால்வு மூடும்போது உட்காரும் சீட்டில் ஒட்டிய அழுக்கைத் தட்டிவிட. அந்தத் தட்டலில் தடுத்துக்கொண்டிருந்தது விழுந்தால் வண்டி ஓடும், விழாவிட்டால் ஓடாது. ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறது என்று கேட்டதும் எல்லோரும் ஒயரிங்கையும் இ.சி.யூ.வையும் சந்தேகப்படுகிறார்கள், இதில் அப்படி இல்லை.

வால்வைக் கழற்றினோம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடை இங்கேதான் கண்முன் கிடந்தது.

நான் பார்த்த இ.ஜி.ஆர். வால்வுகளில் பெரும்பாலும் கரி காய்ந்துதான் இருக்கும், அடுப்புக்கரி மாதிரி, தட்டினால் பொலபொலவென்று கொட்டும். இதில் அப்படி இல்லை. பளபளவென்று, ஈரமாக, வண்டி அச்சு மசியைப்போலக் கறுப்பு. விரலை வைத்து எடுத்தால் நூல் இழுத்தது. மூக்கருகே கொண்டுபோனால் கரி வாசனையைவிடப் பச்சை டீசல் வாசனை தூக்கலாக இருந்தது. வால்வின் தண்டைச் சுற்றி இது மோதிரம்போலப் படிந்திருக்க, தட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு மாட்டிக்கொண்டிருந்தது. சில்லின் ஒரு பக்கம் வழுவழுப்பு, லேசாக வளைந்து குழாயின் உட்சுவர் வடிவத்தில் இருந்தது. மறுபக்கம் சொரசொரப்பு. அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்ததும் பட்டறைப் பையன்தான் சொன்னான், "அண்ணே, இது வால்வுல வளர்ந்தது இல்ல, கூலர்ல இருந்து பிஞ்சு வந்துருக்கு." சரியாகச் சொன்னான். டார்ச் அடித்துக் கூலருக்குள் பார்த்தால் பாதிக்கு மேல் குழாய்கள் அதே மசியால் குறுகிக் கிடந்தன. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் வாய் இருந்த அளவில் பாதிதான்.

அதாவது ஆடியில் புது வால்வு போட்டபோது கூலரையும் மேனிஃபோல்டையும் யாரும் திறக்கவில்லை. பழைய படிவு அங்கேயே இருந்தது, சூடு ஏறி இறங்கும்போது உரிந்து, புது வால்வில் வந்து மாட்டியது. மார்க்கெட் வாசலில் நீண்ட நேரம் ஐட்லிங்கில் கிடக்கும்போது இ.ஜி.ஆர். திறந்தே இருப்பதால் படிவும் ஏறும், சில்லும் வந்து சேரும்.

இங்கேயே நிறுத்தி, எல்லாவற்றையும் கழுவி மாட்டிக் கொடுத்திருந்தால் வண்டி ஓடியிருக்கும். எத்தனை மாதம்? கரி ஏன் ஈரமாக இருக்கிறது என்பது தெரியாமல் அனுப்ப எனக்கு மனசில்லை. சாயங்காலம் பூ வியாபாரி அண்ணனுக்குப் போன் செய்து, "நாளைக்கும் வண்டி இங்கேயே இருக்கட்டும்ணே, சரக்குக்கு வேற வண்டி பாத்துக்கோங்க" என்றேன். தொழில் கெடுகிறவரிடம் இதைச் சொல்வது கஷ்டம். ஆனால் அவர் "கண்டுபிடிச்சா போதும் தம்பி" என்றார்.

ஈரக் கரி என்றால் எரியாத டீசலோ ஆயிலோ சேர்கிறது என்று அர்த்தம். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசலை அளந்தோம், நாலும் ஒரே அளவு. பிரீத்தர் வழியாக வரும் ஆயில் புகை சாதாரணம். டர்போ ஹோஸில் லேசான ஆயில் பூச்சு, 1,62,000 கிலோமீட்டருக்கு அது இயல்புதான். கம்ப்ரஷன் நன்றாக இருந்தது. மதியம் வரை ஒன்றும் சிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் நோட்டைப் புரட்டும்போதுதான் அந்த 64 கண்ணில் பட்டது.

கூலரையும் வால்வையும் தற்காலிகமாக மாட்டிக்கொண்டு, ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு ரிங் ரோட்டுக்குப் போனோம். அறுபதில் இருபது நிமிஷம் ஓட்டினோம். கூலண்ட் 66க்கு மேல் ஏறவே இல்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு உருள விட்டால் 61க்கு இறங்கியது. சென்சார் தப்பாகச் சொல்கிறதா என்று பார்க்க, திரும்பி வந்ததும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகாமல் அடைத்து வைக்கும் சின்ன வால்வு) உட்காரும் ஹவுஸிங்கில் காட்டினோம், 63. ஸ்கேனரில் 64. மறுநாள் காலை, இன்ஜின் இரவு முழுக்க ஆறியிருந்தபோது சாவியை மட்டும் போட்டுப் பார்த்தோம், கூலண்ட் 25, இன்டேக் காற்று 25, இரண்டும் ஒன்று. சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது.

அப்புறம் ஸ்டார்ட் செய்துவிட்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். தெர்மோஸ்டாட் இருக்கும் வண்டியில் அந்த ஹோஸ் ரொம்ப நேரம் குளிர்ந்தே இருக்கும், எண்பதைத் தாண்டியதும் சட்டென்று கை வைக்க முடியாத சூடு வரும். இதில் இரண்டாவது நிமிஷத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறியது. ஹவுஸிங்கின் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் உள்ளே காலி. தெர்மோஸ்டாட்டே இல்லை.

அண்ணனைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன வருஷம் கத்திரி வெயில்ல வண்டி சூடாயிடுச்சுன்னு ஒரு வால்வைக் கழட்டி எறிஞ்சாங்க தம்பி, நம்ம ஊரு வெயிலுக்கு அது தேவையில்லன்னாங்க, அதுக்கப்புறம் மீட்டர் முள்ளு ஏறுனதே இல்ல" என்றார். ஏறாத முள்ளைப் பார்த்து ஒன்றரை வருஷமாக நிம்மதியாக இருந்திருக்கிறார், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இங்கே எத்தனையோ வண்டிகளில் இதைச் செய்திருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் குளிர்ப் பிரதேசத்துக்கானது என்று நம்புகிறார்கள். வெளியே 40 டிகிரி வெயில் என்றாலும் இன்ஜின் வேலை செய்ய வேண்டிய வெப்பம் 85ஐ ஒட்டித்தான், 40க்கும் 85க்கும் நடுவில் இருக்கும் தூரத்தை ரேடியேட்டர் ஒரு தடையும் இல்லாமல் தின்றுவிடும், அதைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சின்ன வால்வு ஒன்றுதான்.

குளிர்ந்த இன்ஜினில் என்ன நடக்கிறது என்றால், சிலிண்டர் சுவர் குளிர்ந்து இருப்பதால் டீசல் முழுக்க எரியாமல் கொஞ்சம் ஆவியாகவே புகையோடு வெளியேறுகிறது. அந்தப் புகை இ.ஜி.ஆர். கூலருக்குள் போகிறது. கூலர் சுவரின் வெப்பம் கூலண்டின் வெப்பம்தான். 85இல் இருக்க வேண்டிய சுவர் 60இல் இருந்தால், கனமான டீசல் ஆவி அதில் பட்டுத் திரவமாகிப் படிகிறது, சோற்றுப் பானை மூடியில் நீர் கோப்பதைப்போல. சூடான வாயுவில் மிதந்து வரும் கரித்துகள் எப்போதும் குளிர்ந்த சுவரை நோக்கியே நகரும், வெப்ப வித்தியாசம் கூடக்கூட அந்த நகர்வும் கூடும். ஈரச் சுவரும் அதைத் தேடி வரும் கரியும் சேர்ந்தால் பசை. வால்வு மூடாமல் நிற்க ஆரம்பித்ததும் எரிவது இன்னும் மோசமாகி, கரி இன்னும் கூடி, அந்தக் கரியும் அதே கூலர் வழியாகவே திரும்ப வருகிறது. மைலேஜ் இறங்கியதற்கும் பாதிக் காரணம் இதுதான், இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து இ.சி.யூ. சூடேற்றும் கணக்கிலேயே டீசலைக் கொடுத்துக்கொண்டிருந்தது. கூலண்ட் வெப்பம் ஏறவில்லை என்பதற்கென்றே பி0128 என்று ஒரு கோட் உண்டு, இந்த வண்டியில் அது ஒருமுறைகூட விழவில்லை.

சரி, தெர்மோஸ்டாட்டைப் போட்டுவிட்டால் முடிந்ததா? அதைக் கழற்றியதற்கு ஒரு காரணம் இருந்ததே, வண்டி சூடானது பொய் இல்லையே. அதைப் பார்க்காமல் மாட்டினால் அடுத்த சித்திரையில் கணவாயில் ஹெட் கேஸ்கெட்டைக் கொண்டுபோய்விடும். ரேடியேட்டரை இறக்கினோம். முன்பக்கம் பார்க்கச் சுத்தம். பின்பக்கம் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் துடுப்புகளுக்கு நடுவில் மண்ணும், பூச்சியும், பூ மூட்டைச் சாக்கின் நாரும் சேர்ந்து களிமண் பூசியதுபோல, கீழ்ப்பாதியில் வெளிச்சமே ஊடுருவவில்லை. உள்ளே போர்த் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது, கூலண்ட் ஊற்றி எத்தனை நாளோ. ஃபேனை இன்ஜினோடு பிணைக்கும் கப்ளிங்கும் சிலிக்கான் ஆயில் கசிந்து, சூடான பிறகும் கையால் தட்டினால் லேசாகச் சுற்றியது, பிடிப்பே இல்லை. அன்றைக்கு வண்டி சூடானதற்குக் காரணம் இவை இரண்டும், பழியைத் தெர்மோஸ்டாட் சுமந்திருக்கிறது.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேனிஃபோல்டையும் கூலரையும் இன்ஜினிலிருந்து இறக்கி ஊறவைத்துச் சுத்தம் செய்தோம். ஓடும் இன்ஜினில் ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்வதை இவ்வளவு தடிமனான படிவுக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை, ஒரு கட்டி உடைந்து சிலிண்டருக்குள் போனால் செலவு எங்கேயோ போய்விடும். கூலரின் இரு வாயையும் அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்து 2 பார் காற்றுக் கொடுத்து, குமிழி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். வால்வு மாற்றவில்லை, சுத்தம் செய்ததே போதுமானதாக இருந்தது. ரேடியேட்டருக்குக் கம்பி விட்டுச் சுத்தம், ஃபேன் கப்ளிங் புதிது, கூலண்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. புது தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் டீக்கடையில் ஒரு சட்டி வாங்கி, தண்ணீரில் போட்டுத் தெர்மாமீட்டரோடு கொதிக்கவைத்தோம், 82இல் வாய் திறக்க ஆரம்பித்து 95இல் முழுக்கத் திறந்தது. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் நான் ஒவ்வொரு தெர்மோஸ்டாட்டையும் இப்படிப் பார்த்துத்தான் போடுவேன். கடைசியில் ஸ்கேனரில் வால்வின் மூடிய நிலையைப் புதிதாகக் கற்றுக்கொடுத்தோம். இதை மறந்தால் இ.சி.யூ. பழைய முட்டின இடத்தையே மூடிய நிலை என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

தகடு வைத்து அடைக்கச் சொன்னதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வால்வை அடைத்துவிட்டால் வண்டி இழுக்கும், அது உண்மை. புகைச் சான்றுக்குப் போனாலும் தேறிவிடும், டீசலுக்கு அங்கே புகையின் அடர்த்தியை மட்டும்தான் பார்ப்பார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த வாயுவைக் குறைக்கத்தான் இந்த வால்வே இருக்கிறது. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பி.எஸ். 4இல் டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் என்று இருந்த வரம்பை 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6இல் 0.08 ஆக்கினார்கள், அவ்வளவு கெடுதல் அது. விடிகாலையில் அடைசலான மார்க்கெட்டில் நூறு வண்டி ஒன்றரை மணி நேரம் ஓடிக்கொண்டு நிற்க, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து பூக் கட்டும் அக்காமார்களை நான் தினம் பார்க்கிறேன். என் பட்டறையில் தகடு வெட்டுவதில்லை. இந்த வண்டியையே எடுத்துக்கொண்டால், தகடு வைத்திருந்தால் கரும்புகை நின்றிருக்கும், குளிர்ந்த இன்ஜின் அப்படியே ஓடி லைனரையும் ரிங்கையும் தின்றுகொண்டிருக்கும், யாருக்கும் தெரிந்தே இருக்காது.

வேலை முடிந்ததும் ஐட்லிங்கில் கட்டளை 0, நிலை 0, காற்று 617. சிக்னல் 0.94 வோல்ட். அண்ணனையே ஓட்டச் சொல்லி, லோடோடு தேனி ரோட்டில் கிளம்பினோம். செக்கானூரணி தாண்டும்போது கூலண்ட் 84இல் நின்றது. கணவாய் ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியது, உச்சியில் 89. அவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடியில் பின்னால் புகை வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே ஓட்டினார். மேலே போய் ஓரம் கட்டி இறங்கி, சைலன்சர் முனையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு அப்புறம்தான் சிரித்தார்.

ஒரே ஒரு நிபந்தனை சொல்லியிருந்தேன், மூன்று மாதம் கழித்து வண்டியைக் கொண்டுவர வேண்டும், வால்வைத் திறந்து பார்ப்பேன், கூலி கிடையாது. மாசி மாதம் வந்தார். திறந்தோம். மெல்லிய சாம்பல் கறுப்பில் பொடிப் படிவு, கண்மை அளவுக்கு, விரலால் துடைத்தால் உலோகம் தெரிந்தது. காய்ந்த கரி. வாசனை இல்லை. மைலேஜ் 12.6.

சித்திரையில் கத்திரி ஆரம்பித்த வாரம் அவரே போன் செய்தார். மதியம் ஒரு மணிக்கு லோடோடு கணவாய் ஏறியிருக்கிறார், முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே போய், ஃபேன் சத்தம் பெரிதாகக் கேட்டு, மறுபடி பாதிக்கு இறங்கிவிட்டதாம். "முள்ளு மேல போனதும் பயந்துட்டேன் தம்பி, அது சரிதானா?" என்று கேட்டார். சரிதான் என்றேன். ரேடியேட்டரின் பின்பக்கம் சாக்கு நார் சேர்ந்திருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் அடித்துப் பார்க்கச் சொன்னேன்.